வயர்லெஸ் இயக்கி தான் இருக்கும் நாட்டை எப்படி அறிய வேண்டும்?

கேள்வி இதுதான்: வயர்லெஸ் அட்டைக்கான இயக்கி மென்பொருளை (அட்டைக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று அட்டையை இயக்கும் நிரலை) எழுதுபவர், அந்த அட்டை எந்த நாட்டின் வானொலி விதிகளுக்கு உட்பட வேண்டும் என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? அட்டையில் பதித்திருக்கும் குறியீட்டைக் கொண்டா, பயனர் தேர்ந்தெடுத்த அமைப்பைக் கொண்டா, சுற்றியுள்ள ரவுட்டர்கள் அறிவிப்பதைக் கொண்டா, வேறு ஏதேனும் இருப்பிடச் சான்றைக் கொண்டா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டைக் கண்டுபிடிப்பது இயக்கியின் வேலையே அல்ல. தன் வன்பொருள் எந்தெந்த அலைவரிசைகளில், எவ்வளவு திறனில் இயங்கச் சான்று பெற்றிருக்கிறது என்பதை அது துல்லியமாக அறிந்திருந்து, அதை இயங்குதளத்திடம் ஒளிக்காமல் ஒப்படைத்தால் போதும். இருப்பிடம் பற்றிய தீர்ப்பு இயங்குதளத்தில் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு வரும்வரை, எங்கும் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சேனல்கள் தவிர மற்றவற்றில் அட்டை காது கொடுத்துக் கேட்கலாமே ஒழிய, வாய் திறக்கக் கூடாது.

இதில் இவ்வளவு கவனம் எதற்கு என்பவர்களுக்காக விதிகளின் தன்மையைச் சற்றுச் சொல்ல வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஐரோப்பாவில் 1 முதல் 13 வரையிலான சேனல்களை 100 மில்லிவாட் வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் விற்கப்படும் கருவிகள் பொதுவாக 11 ஆம் சேனலோடு நின்றுவிடுகின்றன. 14 ஆம் சேனல் ஜப்பானில் மட்டும், அதுவும் 802.11பி என்ற பழைய வை-ஃபை முறைக்கு மட்டும் உரியது. 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் சிக்கல் பல மடங்காகிறது. ஒரு பகுதியைக் கட்டடத்துக்குள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஒரு நாடு சொல்லும். அதே பகுதியை வெளியிலும் பயன்படுத்தலாம் என்று இன்னொரு நாடு சொல்லும். சில பகுதிகளில் ரேடார் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகே அலை அனுப்ப வேண்டும்.

இந்த விதிகள் மாறாமலும் இருப்பதில்லை. ஜப்பானில் 5 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியில் முதலில் 34, 38, 42, 46 என்ற சேனல்கள்தான் இருந்தன. 2005 இல் அவை 10 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, மற்ற நாடுகளோடு ஒத்துப்போகும் 36, 40, 44, 48 ஆக மாற்றப்பட்டன. அமெரிக்காவில் 5150 முதல் 5250 மெகாஹெர்ட்ஸ் வரை கட்டடத்துக்குள் மட்டும் என்றிருந்த கட்டுப்பாட்டை அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2014 இல் தளர்த்தி, திறன் வரம்பையும் உயர்த்தியது. 2004 இல் தொழிற்சாலையில் அட்டைக்குள் எழுதப்பட்ட நாட்டு அட்டவணைக்கு இவற்றில் எதுவும் தெரியாது. ஆகவே நாட்டு விதிகளை அட்டையிலோ இயக்கியின் மூல நிரலிலோ கல்வெட்டாகப் பொறிப்பது முதல் தவறு. இயக்கிகள் பலவற்றில் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட அட்டவணைகள் தனித்தனியாக இருந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆண்டின் சட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தது.

லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளம் கடந்து வந்த பாதை இதற்கு நல்ல பாடம். இன்டெல் 3945 அட்டைக்கு 2006 வாக்கில் வந்த இயக்கியோடு, விதிகளைப் பார்த்துக்கொள்ளவென்றே மூல நிரல் மறைக்கப்பட்ட ஒரு தனி நிரல் பின்னணியில், அதுவும் ரூட் எனப்படும் முழு அதிகாரத்தோடு ஓட வேண்டியிருந்தது. ஏதெரோஸ் அட்டைகளுக்கான மேட்வைஃபை இயக்கியில், வன்பொருளைத் தொடும் அடுக்கு முழுவதும் மூடிய பொதியாக நெடுங்காலம் இருந்து, 2008 இல்தான் திறந்துவிடப்பட்டது. விதிகளைப் பயனர் மாற்றிவிடுவாரோ என்ற அச்சமே இத்தகைய மூடல்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். அதே 2008 இன் இறுதியில் வந்த 2.6.28 கெர்னலில் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. எல்லா இயக்கிகளுக்கும் பொதுவான சிஎஃப்ஜி80211 என்ற அடுக்கு விதிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நாடுவாரி விதிகள் வயர்லெஸ்-ரெக்டிபி என்ற திறந்த தரவுத்தளத்தில் தொகுக்கப்பட்டன. சிஆர்டிஏ என்ற சிறு நிரல் அந்தத் தரவுத்தளத்தின் கையொப்பத்தைச் சரிபார்த்து, கேட்ட நாட்டின் விதியைக் கெர்னலிடம் கொடுத்தது. 4.15 பதிப்பு முதல் கெர்னலே அந்தக் கோப்பைப் படித்துக் கையொப்பத்தையும் சரிபார்த்துக்கொள்கிறது. ஒரு நாட்டின் சட்டம் மாறினால் இப்போது ஒரேயொரு கோப்பைப் புதுப்பித்தால் போதும். நூறு இயக்கிகளைத் திருத்த வேண்டியதில்லை.

அந்தக் கோப்பில் இருக்கும் விதி ஒன்று எப்படி இருக்கும் என்று பார்த்தால் இயக்கியின் பங்கு எது என்பது விளங்கும். தொடக்க அலைவெண், முடிவு அலைவெண், அதிகபட்ச அகலம், அதிகபட்சத் திறன், பிறகு சில கொடிகள்: ரேடார் பார்க்க வேண்டும், வெளியில் கூடாது, தானாக அலை தொடங்கக் கூடாது என்பன போல. சேனல் எண் என்பதே அதில் கிடையாது; சட்டம் அலைவெண்ணில்தான் பேசுகிறது. திறன் என்று அதில் வருவதும் பெரும்பாலும் ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் திறன். அட்டையின் சில்லிலிருந்து (சிப்) புறப்படும் திறன் அல்ல. வரம்பு 20 டிபிஎம் (திறனை அளக்கும் அலகு; 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாட்), அலையைக் குவிப்பதால் கூடும் ஆன்டெனாவின் ஈட்டம் 5 டெசிபெல், கம்பியில் இழப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், சில் 15 டிபிஎம்மைத் தாண்டக் கூடாது. அந்த 5 எங்கே எழுதியிருக்கிறது? தரவுத்தளத்துக்கு அது தெரிய வழியில்லை. தொழிற்சாலையில் அளந்து அட்டைக்குள் பதித்த அளவீட்டுப் பகுதியில்தான் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தது இயக்கி மட்டுமே. பட்டையின் ஓரச் சேனல்களில் அலை பக்கத்துப் பட்டைக்குக் கசியாமல் இருக்கத் திறனைக் குறைக்க வேண்டும் என்ற குறிப்புகளும் அங்கேதான் இருக்கும். எனவே நாட்டின் வரம்பு, சான்றிதழின் வரம்பு, அளவீட்டின் வரம்பு ஆகிய மூன்றில் சிறியதை எடுப்பதே இயக்கி உண்மையில் செய்ய வேண்டிய கணக்கு. நாட்டைக் கண்டுபிடிக்கும் தந்திரங்களில் மூழ்கிய இயக்கிகள் பலவும் இந்த எளிய கணக்கில்தான் கோட்டைவிடுகின்றன என்பது என் அனுபவம்.

இனி சான்றுகளுக்கு வருவோம். அட்டையில் பதித்த நாட்டுக் குறியீடு, கருவி எங்கே விற்கப்பட்டது என்பதைச் சொல்கிறதே ஒழிய, இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதைக் கூரையாகக் கொள்ளலாம். முகவரியாகக் கொள்ளக் கூடாது. லினக்ஸில் இயக்கி இதை ஒரு குறிப்பாகக் கெர்னலுக்கு அனுப்பலாம். ‘கண்டிப்பான விதி’ என்ற கொடியையும் சேர்த்து வைத்தால், பின்னால் வரும் எந்தச் செய்தியும் அந்தக் கூரைக்கு மேலே போக முடியாது. குறியீடு ‘உலகம்’ என்றிருக்கும் அட்டைகளும் உண்டு. எந்நாட்டிலும் விற்பதற்காகச் செய்யப்பட்டவை அவை. அவற்றுக்குப் பிற சான்றுகள் கட்டாயம் தேவை.

பயனர் சொல்வதை நம்பலாமா? நிலையாக ஓரிடத்தில் இருக்கும் கருவிக்குப் பயனர் சொல்வதைவிட நல்ல சான்று பல நேரம் கிடைக்காது. ஆனால் 13 ஆம் சேனல் தெரியவில்லை என்பதற்காகவோ, சிக்னல் இன்னும் கொஞ்சம் எட்டட்டும் என்பதற்காகவோ நாட்டை மாற்றிப் பார்ப்பவர்கள் ஏராளம். இதனால்தான் பயனரின் தேர்வு அட்டையின் கூரைக்குள் மட்டும் செல்லுபடியாக வேண்டும். 2016 இல் டிபி-லிங்க் நிறுவனம் எஃப்சிசியோடு செய்துகொண்ட உடன்பாட்டில் 2,00,000 டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது; அதன் சில ரவுட்டர்களில் நாட்டுக் குறியீட்டை மாற்றினால் அமெரிக்க வரம்பை மீறிய திறன் கிடைத்தது என்பதே புகார். அதே உடன்பாட்டில், பிறர் எழுதும் திறந்த ஃபர்ம்வேருக்கு (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருளுக்கு) வழிவிடும் முயற்சிக்கும் அந்நிறுவனம் இசைந்தது என்பது கவனிக்கத்தக்கது. விதிகளைக் காப்பதற்கு மென்பொருளை மூட வேண்டிய அவசியமில்லை என்பதே என் நிலைப்பாடும். நிரலைத் திருத்தித் தானே தொகுத்துக்கொள்பவர் அதன் பொறுப்பையும் ஏற்கிறார். இயல்பாக வெளிவரும் நிரல் சட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பதைத்தான் இயக்கி எழுதுபவர் உறுதி செய்ய வேண்டும்.

அடுத்தது ரவுட்டர் அறிவிக்கும் நாடு. 2001 இல் வந்த 802.11டி திருத்தம் இதற்கு வழி செய்தது. ரவுட்டர் தன்னை அறிவிக்க அடிக்கடி அனுப்பும் பீக்கன் சட்டகத்துக்குள் ஒரு சிறு கூறு இருக்கும். முதலில் அதன் அடையாள எண் 7. பிறகு நீளம், எடுத்துக்காட்டாக 6. பிறகு நாட்டின் இரண்டெழுத்துக் குறி. மூன்றாவது எழுத்தாக, உள்ளிடத்துக்கு மட்டுமா வெளியிடத்துக்கு மட்டுமா என்பதைச் சொல்லும் ஓர் எழுத்து, இரண்டுக்கும் பொது என்றால் வெற்றிடம். அதன் பின் 1, 13, 20 என்று மூன்று எண்கள். முதல் சேனல் 1, மொத்தம் 13 சேனல்கள், உச்சத் திறன் 20 டிபிஎம் என்று அதைப் படிக்க வேண்டும். அழகான ஏற்பாடுதான். ஆனால் அந்த எட்டு பைட்டுகளை எழுதியவர் யார் என்று கேட்டால் அழகு குறைந்துவிடும். யாரோ ஒருவர் ரவுட்டரை முதன்முதலில் பொருத்தியபோது, பட்டியலில் முதலில் இருந்த நாட்டை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். 13 ஆம் சேனலில் இயங்கிய என் வலையமைப்பு ஒரு நாள் காலை மடிக்கணினியின் பட்டியலிலேயே இல்லை. கைபேசி மட்டும் அதே வலையமைப்பில் நிம்மதியாக இருந்தது. ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டேன், கடவுச்சொல்லை மாற்றினேன், ஒரு மணி நேரம் போனது. கடைசியில் கெர்னல் பதிவைத் திறந்தால், நாடு அமெரிக்கா என்று மாறியிருந்தது. பக்கத்தில் யாரோ புதிதாக வைத்த ஒரு ரவுட்டர் தன்னை அமெரிக்காவில் இருப்பதாக அறிவித்துக்கொண்டிருந்தது; என் அட்டையின் ஃபர்ம்வேரோ, காதில் விழுந்த முதல் நாட்டை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் வகை. நான் அந்த ரவுட்டரோடு இணையக்கூட இல்லை.

சிஎஃப்ஜி80211 இந்த இடத்தில் நிதானமாக நடந்துகொள்கிறது. போகிற வருகிற பீக்கன்களின் நாட்டையெல்லாம் அது ஏற்பதில்லை; உண்மையில் இணைந்துள்ள ரவுட்டர் சொல்வதை மட்டுமே கருதுகிறது, இணைப்பு அறுந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இணைந்த ரவுட்டர் ஒரு நாட்டைச் சொல்லியிருக்க, பயனர் இன்னொன்றைச் சொன்னால், இரண்டு விதிகளுக்கும் பொதுவான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட நிலையில் விதியைக் காட்டச் சொல்லிக் கேட்டால், நாட்டின் பெயருக்குப் பதிலாக 98 என்ற எண் வரும். ‘இது எந்த நாடும் அல்ல, இரண்டின் வெட்டு’ என்று பொருள். பொதுப் பகுதியை எடுப்பதால் சில நேரம் நியாயமான சேனல்களையும் இழப்போம் என்பது உண்மை. ஆனால் இரண்டு சாட்சிகள் முரண்படும்போது இருவரும் ஒப்புக்கொள்வதை மட்டும் செய்வதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

கைபேசிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. செல் கோபுரம் அனுப்பும் மூன்றிலக்க நாட்டு எண், உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் அனுப்புவது. 262 என்றால் ஜெர்மனி, 440 என்றால் ஜப்பான். எல்லையோரத்தில் பக்கத்து நாட்டுக் கோபுரம் பதில் சொல்லக்கூடும் என்பதைத் தவிர, கைக்கு எட்டும் சான்றுகளில் இதுவே வலுவானது. லினக்ஸில் செல் கோபுரத்திலிருந்து வரும் குறிப்பைச் சாதாரணப் பயனர் குறிப்பிலிருந்து வேறுபடுத்திக் காட்டவும் வழியுண்டு. மாறாக, நேர மண்டலத்தை வைத்து நாட்டை ஊகிப்பதும் இணைய முகவரியை வைத்து ஊகிப்பதும் வலுவற்றவை. முன்னதைப் பயணத்தில் பலர் மாற்றுவதே இல்லை. பின்னதைப் பெறுவதற்கே முதலில் இணைப்பு வேண்டும், விபிஎன் இருந்தால் அதுவும் பொய் சொல்லும். ஜிபிஎஸ் சரியாகச் சொல்லும், ஆனால் கூரைக்கடியில் பெரும்பாலும் மௌனம்.

எந்தச் சான்றாக இருந்தாலும் அதற்கு ஆயுள் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூடி வைத்த மடிக்கணினி தூக்கத்திலேயே எல்லை தாண்டும். விழித்தவுடன் நேற்றைய நாட்டின் விதியில் அலை அனுப்பத் தொடங்குவது, எந்தச் சான்றும் இல்லாமல் அனுப்புவதற்குச் சமம். பயனர் கைப்பட அமைத்ததையும் அட்டையின் கூரையையும் தவிர, சூழலிலிருந்து கற்ற அனைத்தையும் தூக்கத்துக்குப் பின் உதறிவிடுவதே முறை.

எதுவுமே தெரியாத நிலைக்கு லினக்ஸில் ஒரு பெயருண்டு: 00 என்ற ‘உலக’ விதி. இதில் 1 முதல் 11 வரை இயல்பாக இயங்கலாம். 12, 13 ஆம் சேனல்களிலும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் கேட்க மட்டுமே அனுமதி. தானாகத் தேடல் சட்டகம் அனுப்புவதும் ரவுட்டராக மாறுவதும் தடை. கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் சேனலில் ஒரு பீக்கன் வந்தால், அங்கே முறைப்படி இயங்கும் ஒருவர் இருக்கிறார் என்று கொண்டு, அந்தச் சேனலுக்கு மட்டும் தடை விலகும். இந்தச் சலுகை ரேடார் சேனல்களுக்குக் கிடையாது. அலையைத் தொடங்கி வைப்பவரே பொறுப்பாளி, பின்தொடர்பவர் அவர் நிழலில் நிற்கிறார் என்ற கொள்கைதான் இதன் அடிப்படை.

ரேடார் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் விளைவு கண்கூடாகத் தெரிவது இங்கேதான். 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை வானிலை ரேடார்கள் இயங்குகின்றன. 2009 இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்துக்கான ரேடாரில், வெளியில் வைத்த வயர்லெஸ் கருவிகளால் இடையூறு நேர்ந்தது. விமானங்கள் இறங்கும்போது வரும் திடீர்க் காற்றுத் திருப்பங்களைக் காட்டும் ரேடார் அது. ரேடார் சேனலில் ரவுட்டராக இயங்குவதற்கு முன் 60 நொடி கேட்க வேண்டும். ஐரோப்பிய விதியில் வானிலை ரேடார் பகுதிக்கு இது 10 நிமிடம். ரேடார் தென்பட்டால் 10 நொடிக்குள் விலகி, 30 நிமிடம் அந்தப் பக்கமே வரக் கூடாது. எந்தத் துடிப்பை ரேடார் என்று கொள்வது என்பதிலும் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூன்றுக்கும் வடிவங்கள் வேறு. அமெரிக்கச் சோதனை வடிவங்களில் ஒன்று, 1 மைக்ரோநொடி அகலமுள்ள 18 துடிப்புகள், 1428 மைக்ரோநொடி இடைவெளியில் வருவது. ஆக, நாடு தெரியாவிட்டால் எந்த வடிவத்தைத் தேடுவது என்பதே தெரியாது. இயக்கி இங்கே ஊகம் செய்யவே கூடாது. தரவுத்தளம் எந்த மண்டலத்தின் முறை என்று சொல்லாதவரை அந்தச் சேனல்களைத் திறக்கக் கூடாது.

முழுப் பொறுப்பையும் ஃபர்ம்வேரே எடுத்துக்கொள்ளும் அட்டைகளும் இப்போது நிறைய உள்ளன. இன்டெலின் புதிய அட்டைகள் இவ்வகை. கெர்னல் இவற்றை ‘தன்னைத் தானே நிர்வகிப்பவை’ என்று குறித்து, விதியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறதே தவிர, கட்டளையிடுவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் தொடங்கவே முடியவில்லை என்ற குறை இந்த அட்டைகள் பற்றி அடிக்கடி எழுகிறது. பயனர் நாட்டைச் சரியாகக் குறித்திருந்தும், ஃபர்ம்வேர் தன் காதால் கேட்காதவரை அசையாது. உற்பத்தியாளரின் சட்டக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரே கணினியில் இரண்டு அட்டைகள் இருந்து, ஒன்று தன்னை ஒரு நாட்டிலும் மற்றது தன்னை இன்னொரு நாட்டிலும் இருப்பதாகக் காட்டும்போது, அறிவு ஒரே இடத்தில் சேர வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்பது விளங்கும். இரண்டும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன. ஃபர்ம்வேர் முடிவு செய்வதானாலும், எந்தச் சான்றைக் கொண்டு முடிவு செய்தது என்பதையாவது மேலே சொல்ல வேண்டும்.

6 கிகாஹெர்ட்ஸ் வந்த பிறகு நாடு மட்டும் தெரிந்தால் போதாது என்ற நிலை. அமெரிக்கா 2020 இல் 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 இல் 5945 முதல் 6425 வரை மட்டும். அமெரிக்க விதியில், உள்ளிடக் குறைதிறன் ரவுட்டர் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 5 டிபிஎம் வரை அனுப்பலாம். அதோடு இணையும் கருவிக்கு −1 டிபிஎம்தான். எனவே தான் இணைவது எந்த வகை ரவுட்டர் என்பதைப் பீக்கனிலிருந்து படித்து, இயக்கி தன் திறனை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். வெளியிலும் கூடுதல் திறனில் இயங்கும் ரவுட்டரோ, தன் புவியிடத்தை ஏஎஃப்சி என்ற மைய அமைப்பிடம் தெரிவித்து, எந்தெந்த அலைவெண்களில் எவ்வளவு திறன் என்று அனுமதி வாங்கிக்கொண்டே இயங்க வேண்டும். அந்த அனுமதிக்கும் ஆயுள் உண்டு: ஒரு நாள் மைய அமைப்பைத் தொடர்புகொள்ள முடியாமல் போனால், மறுநாள் இரவு 11:59 வரை இயங்கலாம், அதற்குப் பிறகு அலையை நிறுத்திவிட வேண்டும்.